வண்டி சூடாகுதா, சூடே ஆகலையா: தெர்மோஸ்டாட் மேல பழி போடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

டெம்பரேச்சர் முள் சிவப்பு பக்கம் போனதும் பானட்டைத் தூக்கிட்டு சுத்தி நிக்கிறவங்கள்ல ஒருத்தர் கண்டிப்பா சொல்ற டயலாக், "தெர்மோஸ்டாட் போயிருக்கும், கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க". தெர்மோஸ்டாட்ங்கறது இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்ட (இன்ஜின குளிர வைக்கிற திரவம்) ரேடியேட்டர் பக்கம் விடாம மூடி வச்சு, சூடானதும் தொறக்கிற வால்வ். சின்ன பார்ட், விலையும் கம்மி, ரெண்டு மூணு போல்ட் தான், அதனால எல்லாரும் முதல்ல அதுல தான் கை வைக்கிறாங்க, அப்புறம் புதுசு போட்டும் அதே மாதிரி சூடாகுதுன்னு திரும்ப வந்து நிக்கிறாங்க. இந்த வேலைய திரும்பத் திரும்ப பார்த்ததுல எனக்கு ஒண்ணு உறுதியாயிடுச்சு, எப்ப சூடாகுதுன்னு கேட்டாலே பாதி பதில் வந்துடும். டிராஃபிக்ல நிக்கிறப்பவா, வேகமா போறப்பவா, ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயா, இல்ல சூடே ஆகலையா. அதனால உங்க அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க, உள்ள சுலபமானது முதல்ல, செலவு வைக்கிறது கடைசில. ஆனா அடுத்த ரெண்டு தலைப்ப மட்டும் எல்லாருமே படிச்சிடுங்க.

## கை வைக்கிறதுக்கு முன்னாடி

சூடா இருக்கிற ரேடியேட்டர் மூடிய தொறக்கவே தொறக்காதீங்க, துணி போட்டு மெதுவா தொறக்கலாம்ங்கற வீரமும் வேண்டாம். உள்ள கூலன்ட் 100 டிகிரிக்கு மேல இருந்தாலும் பிரஷர்னால தான் கொதிக்காம இருக்கு, மூடி லூஸான அடுத்த செகண்ட் பொங்கி மூஞ்சில அடிக்கும். ரேடியேட்டரோட மேல் ஹோஸ (ரப்பர் குழாய) அமுக்கிப் பாருங்க, விறைப்பா இருந்தா இன்னும் பிரஷர் இருக்குன்னு அர்த்தம், காத்திருங்க. ரேடியேட்டர் ஃபேன் பல வண்டில சாவிய எடுத்த பிறகும் தானா ஓடும், அதனால விரலயும் துணியயும் அதுல இருந்து தள்ளி வைங்க. கீழ சிந்துன கூலன்ட்ட உடனே கழுவி விடுங்க, இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிடுச்சுன்னா உயிருக்கே ஆபத்து.

கையில என்ன வேணும்னா, ஒரு டார்ச், போன்ல கனெக்ட் ஆகற சாதாரண ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து ரீடிங் எடுக்கிறது), அவ்வளவு தான். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா நல்லது, ஆனா பளபளன்னு இருக்கிற அலுமினியத்து மேல காட்டாதீங்க, பொய் ரீடிங் குறைச்சலா வரும். ஹோஸ் ரப்பர் மேல காட்டுங்க, இல்லன்னா அலுமினியத்து மேல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல காட்டுங்க.

டேஷ்போர்டு முள்ள நம்பி முடிவெடுக்காதீங்க, இது முக்கியம். இப்ப வர்ற நிறைய வண்டில முள் நேரடியா சென்சார்ல இருந்து வர்றதே இல்ல, ஈசியூ (இன்ஜினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) தான் அத ஆட்டி வைக்குது, நிஜ சூடு நல்லா ஏறி இறங்கினாலும் முள் நடுவுலயே அசையாம நிக்கும். நிஜ நம்பர் வேணும்னா ஸ்கேனர்ல லைவ் டேட்டா போய் கூலன்ட் டெம்பரேச்சர் பாருங்க. முள்ளே இல்லாம நீல லைட்டு சிவப்பு லைட்டு மட்டும் இருக்கிற வண்டிக்கு இது இன்னும் அவசியம்.

## எல்லாரும் செய்ய வேண்டிய ஒரே டெஸ்ட்: கோல்டு ஸ்டார்ட்

ராத்திரி முழுக்க நின்ன வண்டில காலைல செய்யணும். முதல்ல கூலன்ட் லெவல் பாருங்க, பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் ரிசர்வ் டப்பால மட்டும் இல்ல, ரேடியேட்டர்ல மூடி இருக்கிற வண்டினா அதையும் தொறந்து பாருங்க, ஏன்னா டப்பால கோடு வரைக்கும் இருந்துட்டு ரேடியேட்டர் காலியா இருக்கிற வண்டி நிறைய பார்த்திருக்கேன். குறைஞ்சிருந்தா அது எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் தெர்மோஸ்டாட் பேச்சே எடுக்காதீங்க.

அடுத்தது சாவிய மட்டும் ஆன் பண்ணி, இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம, லைவ் டேட்டால கூலன்ட் டெம்பரேச்சரையும் உள்ள போற காத்தோட டெம்பரேச்சரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நம்பர் தான் காட்டணும். ஒண்ணு 28, இன்னொண்ணு 55ன்னு காட்டினா சென்சார் தான் உங்க பிரச்சினை. -40ன்னு காட்டினா சென்சார் ஒயர் அறுந்திருக்கு இல்ல கனெக்டர் கழண்டிருக்கு.

இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், சில வண்டில மேல் ஹோஸ் இன்ஜின்ல சேர்ற இடத்துல இருக்கும், சில வண்டில கீழ் ஹோஸ் சேர்ற இடத்துல இருக்கும். மேல இருக்கிற வண்டில தெர்மோஸ்டாட் தொறக்கிற வரைக்கும் மேல் ஹோஸ் பச்சத் தண்ணி மாதிரி இருந்துட்டு திடீர்னு சுடும். கீழ இருக்கிற வண்டில மேல் ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமா சூடாகிட்டே வரும், அத பார்த்து தெர்மோஸ்டாட் தொறந்துகிட்டு நிக்குதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, கீழ் ஹோஸ் தான் கணக்கு. ரெண்டு வகையிலயும், பெரும்பாலான வண்டில நம்பர் 80 கிட்ட வர்ற வரைக்கும் கீழ் ஹோஸும் ரேடியேட்டரோட அடிப்பக்கமும் சூடாகக் கூடாது. தொறக்கிற நேரத்துல லைவ் டேட்டால நம்பர் ரெண்டு மூணு டிகிரி இறங்கி திரும்ப ஏறி ஒரு இடத்துல நிக்கும், அந்தச் சின்ன பள்ளத்த கண்ணால பார்த்துட்டீங்கன்னா தெர்மோஸ்டாட் தொறக்குதுன்னு அர்த்தம். டீசல் வண்டி ஐடிலிங்ல சூடாக ரொம்ப நேரம் எடுக்கும், அத கொஞ்சம் ஓட்டிட்டு வந்து பாருங்க.

## ரோட்ல போறப்பவே சிவப்புக்கு போயிடுச்சு

ஏசிய ஆஃப் பண்ணுங்க, ஹீட்டர ஃபுல் சூட்டுலயும் ப்ளோவர ஃபுல்லயும் வைங்க, வேர்த்துக் கொட்டும், பரவால்ல, அந்தக் குட்டி ஹீட்டர் கோரும் ஒரு ரேடியேட்டர் தான். ஓரம் கட்டுங்க. ஆவி வந்தாலோ வார்னிங் லைட் எரிஞ்சாலோ உடனே இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க. பச்சத் தண்ணிய சூடான இன்ஜின்ல ஊத்தாதீங்க, அலுமினியம் ஹெட் (சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற பாகம்) வளைஞ்சுடும், வெடிப்பு விட்டாலும் ஆச்சரியமில்ல.

ஒரு விஷயம் நிறைய பேர ஏமாத்தும். சிவப்புல இருந்த முள் தானா சட்டுனு கீழ இறங்கிடும், ஹீட்டர்லயும் குளிர்ந்த காத்து வரும், "சரியாயிடுச்சு"ன்னு ஓட்ட ஆரம்பிச்சுடுவாங்க. சரியாகல, கூலன்ட் மொத்தமும் வெளிய போயிடுச்சு, சென்சார் இப்ப காத்துல தொங்கிட்டு இருக்கு, அதனால தான் நம்பர் கம்மியா காட்டுது. இங்க இருந்து வண்டிய ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க. டோ செலவும் ஹெட் வேலை செலவும் பக்கத்துல கூட வராது.

## சூடே ஏற மாட்டேங்குது, இல்ல வேகமா போனா முள் இறங்குது

கூட வர்ற அறிகுறி: மைலேஜ் அடி வாங்கும், ஹீட்டர் வெதுவெதுன்னு தான் வரும், ஐடிலிங் ஆர்பிஎம் ரொம்ப நேரம் ஏறியே நிக்கும், செக் இன்ஜின் லைட் எரிஞ்சு ஸ்கேனர்ல பி0128 கோடு (இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரலைன்னு அர்த்தம்) வரும். இந்த ஒரு குரூப்ல தான் தெர்மோஸ்டாட் மேல முதல் சந்தேகம் வர்றது நியாயம். அப்பவும் வரிசையா போங்க.

கூலன்ட் லெவல் கம்மினாலே பி0128 வரலாம், அதனால முதல்ல அது. அடுத்து மேல சொன்ன சென்சார் டெஸ்ட். மூணாவது, ஃபேன் எப்பவுமே ஓடுதான்னு பாருங்க, யாராவது முன்னாடி ஃபேன டைரக்ட் பண்ணி விட்டிருந்தாலோ ரிலே ஒட்டிக்கிட்டு இருந்தாலோ குளிர் ஊர்ல இன்ஜின் சூடேற லேட் ஆகும். இதெல்லாம் சரினா ஓட்டிப் பாருங்க: நின்னா 85 வரைக்கும் ஏறுது, கொஞ்ச நேரம் ஒரே வேகத்துல போனா 65, 70ன்னு இறங்குதுனா தெர்மோஸ்டாட் மூடாம நிக்குது, வேற எதுவும் இல்ல. மாத்திடுங்க.

பழைய வண்டி வாங்கினவங்களுக்கு ஒரு கூடுதல் செக். ஹவுஸிங்க (தெர்மோஸ்டாட் உக்கார்ற கூடு) கழட்டினா உள்ள தெர்மோஸ்டாட்டே இருக்காது. முன்னாடி யாரோ ஏதோ ஒரு ஓவர்ஹீட்டுக்கு அத கழட்டி விட்டிருப்பாங்க, அந்தப் பழைய நோய் அப்படியே உள்ள இருக்கும். புது தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி சூடாக ஆரம்பிச்சா புது பார்ட்ட திட்டாதீங்க, ரேடியேட்டரப் பாருங்க.

இந்தக் கோளாறோட ஓட்டினா நடு ரோட்ல நிக்காது தான், ஆனா மாசக்கணக்குல ஓட்டக் கூடாது. இன்ஜின் சூடாகலைனு நினைச்சு ஈசியூ பெட்ரோல கூடுதலா அடிச்சுட்டே இருக்கும், அது சிலிண்டர் சுவர கழுவிட்டு ஆயில்ல போய் கலக்கும்.

## ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே கடகடன்னு ஏறுது

கூலன்ட் லெவல், அப்புறம் ஏர் லாக். சமீபத்துல கூலன்ட் மாத்தினீங்களா, ஹோஸ் மாத்தினீங்களான்னு யோசிங்க, ஆமான்னா காத்து அடைச்சுட்டு இருக்கிற சான்ஸ் அதிகம், கீழ மாட்டுற தலைப்புல ப்ளீட் பண்றது (உள்ள இருக்கிற காத்த வெளிய எடுக்கிறது) சொல்லியிருக்கேன்.

அதுவும் சரினா ஹோஸத் தொட்டுப் பாருங்க. லைவ் டேட்டா 100 தாண்டிடுச்சு, ஆனா கீழ் ஹோஸும் ரேடியேட்டரும் ஜில்லுனு இருக்கு, இது தெர்மோஸ்டாட் தொறக்கல. ஆனா வாட்டர் பம்ப் தள்ளலைனாலும் இதே மாதிரி தான் இருக்கும், ரெண்டையும் எப்படி பிரிக்கிறது? ஹீட்டர ஆன் பண்ணி, டேஷ்போர்டுக்குள்ள போற ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பாருங்க. நிறைய வண்டில ஹீட்டருக்கு தெர்மோஸ்டாட் வழியா போகாம தனியா கூலன்ட் சுத்தும், அதனால ரெண்டு ஹோஸும் நல்லா சுட்டா பம்ப் வேலை செய்யுது, தெர்மோஸ்டாட் தான். ஒண்ணு சுட்டு இன்னொண்ணு பச்சையா இருந்தாலோ ரெண்டுமே சுடலைனாலோ பம்ப் மேல சந்தேகப்படுங்க. பெல்ட் இருக்கா, வழுக்குதா, பம்புக்கு அடியில இருக்கிற சின்ன ஓட்டைல கூலன்ட் காய்ஞ்ச கறை இருக்கான்னு பாருங்க. பிளாஸ்டிக் இம்பெல்லர் (கூலன்ட்ட தள்ளுற சக்கரம்) வச்ச பம்புல வெளிய புல்லி நல்லா சுத்தும், உள்ள இம்பெல்லர் ஷாஃப்ட்ல வழுக்கிட்டு சும்மா நிக்கும், கழட்டினா தான் தெரியும்.

செலவு அதிகமானது ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல். இதுக்கு எனக்குப் பிடிச்ச செக் காசே இல்லாதது: முழுசா ஆறின இன்ஜின ஸ்டார்ட் பண்ணி, ஒரு நிமிஷத்துக்குள்ள மேல் ஹோஸ அமுக்கிப் பாருங்க. இன்ஜினே இன்னும் சூடாகல, ஆனா ஹோஸ் கல்லு மாதிரி விறைச்சிருக்குனா அது சூட்டுனால வந்த பிரஷர் இல்ல, சிலிண்டர்ல எரியிற வாயு கூலன்ட்டுக்குள்ள போகுது. டப்பால விடாம குமிழி குமிழியா வர்றது, வெள்ளைப் புகை, ஆயில் மூடிக்கு அடியில பால் கலந்த மாதிரி இருக்கிறது, இதெல்லாம் கூட சேர்ந்தா இங்கயே நிறுத்திடுங்க, மெக்கானிக் வேலை. அவர் நீல கலர் திரவம் வச்ச டெஸ்டர ரேடியேட்டர் வாய்ல வச்சு பார்ப்பார், மஞ்சளானா கேஸ்கெட் போயிடுச்சுன்னு அர்த்தம். ஹெட்ட கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட்ட கேட்டு வாங்குங்க.

## டிராஃபிக்ல நின்னா மட்டும் சூடாகுது, ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது

தெர்மோஸ்டாட்ட தொடாதீங்க. ஃபேன் தான்.

ஏசிய ஆன் பண்ணுங்க, பெரும்பாலான வண்டில ஃபேன் உடனே ஓடணும். ஓடலைனா ஃபியூஸ், அப்புறம் ரிலே, பக்கத்துல அதே மாதிரி ரிலே இருந்தா இடம் மாத்தி போட்டுப் பாருங்க. கனெக்டர்ல பின் கருகியிருக்கான்னு பாருங்க, இது ரொம்ப சகஜம். கடைசியா மோட்டாருக்கு பேட்டரில இருந்து நேரா கரன்ட் கொடுத்துப் பாருங்க, அப்பவும் சுத்தலைனா மோட்டார் போச்சு. ஏசி போட்டா ஓடுது, ஆனா இன்ஜின் சூடானா ஓடலைனா சென்சார் இல்ல ஃபேன் சுவிட்ச். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவுல மண்ணும் பூச்சியும் அடைச்சிருக்கான்னும் டார்ச் அடிச்சு பாருங்க, முன்னாடி இருந்து பார்த்தா சுத்தமா தான் தெரியும், குப்பை நடுவுல தான் இருக்கும்.

## வேகமா போனா, மேடு ஏறினா மட்டும் சூடாகுது

இது கொஞ்சம் குழப்பமானது, தெர்மோஸ்டாட் பாதி மட்டும் தொறந்தாலும் இப்படித் தான் இருக்கும், ரேடியேட்டர் உள்ள அடைச்சிருந்தாலும் இப்படித் தான் இருக்கும்.

முதல்ல மூடி. ரப்பர் வெடிச்சிருந்தா பிரஷர் நிக்காது, பிரஷர் நிக்கலைனா கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மூடி இல்லாம 107 டிகிரி வாக்குல கொதிச்சுடும், 15 பிஎஸ்ஐ மூடி ஒழுங்கா பிடிச்சா 129 வரைக்கும் தாங்கும், இவ்வளவு வித்தியாசம் அந்தச் சின்ன ரப்பர்ல இருக்கு. மூடிய மாத்துறது தான் இருக்கிறதுலயே மலிவான வேலை, மூடில எழுதியிருக்கிற அதே பிரஷர் நம்பர்ல வாங்குங்க.

அடுத்து கீழ் ஹோஸ். ஒருத்தர ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லிட்டு பாருங்க, ஹோஸ் உள்ள உறிஞ்சி தட்டையாகுதுனா பழசாயிடுச்சு, இல்ல உள்ள இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடிச்சு போயிருக்கு. அப்புறம் ரேடியேட்டர்: நல்லா சூடானதும் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால ரேடியேட்டர் முகம் முழுக்க தடவுங்க. ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு சூடு படிப்படியா குறையணும். நடுவுல ஒரு திட்டு மட்டும் ஜில்லுனு இருந்தா அந்த டியூபெல்லாம் உப்பு பிடிச்சு அடைச்சுப் போச்சு. குழாய்த் தண்ணிய மட்டுமே ஊத்தி ஓட்டின வண்டில இத எதிர்பார்க்கலாம்.

இதெல்லாம் சரியா இருந்தா தெர்மோஸ்டாட்ட கழட்டி சட்டில போட்டுப் பாருங்க, கீழ சொல்றேன். அதுவும் பாஸ் ஆயிட்டா மிச்சம் பம்ப் இம்பெல்லர், ஹெட் கேஸ்கெட், அதோட நீங்க மெக்கானிக்கிட்ட போயிடுங்க.

## முள் ஏறுது, சட்டுனு இறங்குது, திரும்ப ஏறுது

லெவல் கம்மி இல்லனா காத்து, பத்துல எட்டு இப்படித் தான் முடியும். ஹீட்டர் காத்து சூடா குளிரா மாறி மாறி வந்தா, டேஷ்போர்டுக்குள்ள களகளன்னு தண்ணி ஓடுற சத்தம் கேட்டா காத்து உறுதி. ப்ளீட் பண்ணுங்க. பண்ணின பிறகும் சில நாள்ல திரும்ப காத்து சேர்ந்தா எங்கயோ லீக், இல்ல கேஸ்கெட்.

காத்து இல்லனா லைவ் டேட்டாவப் பாருங்க. நம்பர் ஒரே தாவா 90ல இருந்து 40, திரும்ப 90ன்னு குதிச்சா அது கனெக்டர், தண்ணி அப்படி நிமிஷத்துக்கு நிமிஷம் குளிர முடியாது. நம்பர் நிதானமா 105, 108ன்னு ஏறி, அப்புறம் ஒரே இழுப்புல 85க்கு இறங்கினா தெர்மோஸ்டாட் சிக்கிச் சிக்கித் தொறக்குது, அதுக்கு ரிப்பேர் கிடையாது, மாத்த வேண்டியது தான்.

## ஹவுஸிங்ல கசியுது

பிளாஸ்டிக் ஹவுஸிங்கா இருந்தா ஒட்டுற வேலை வேண்டாம், ஹவுஸிங்கோடவே மாத்துங்க. மெட்டலா இருந்தா ஓ-ரிங் இல்ல கேஸ்கெட் மாத்தினா போதும், மேற்பரப்பு அரிச்சிருக்கான்னு மட்டும் நகத்தால தடவிப் பாருங்க.

## புது தெர்மோஸ்டாட் போட்டும் அதே கதை

திருப்பிப் போட்டிருக்கலாம், ஸ்பிரிங்கும் மெழுகு குப்பியும் இருக்கிற பக்கம் இன்ஜின பார்த்து இருக்கணும். விளிம்புல ஒரு குட்டி ஆணி லொடலொடன்னு ஆடும் பாருங்க, காத்து வெளியேற வச்சது, அது பொதுவா மேல் பக்கம் வரணும், கீழ வச்சு மாட்டினா காத்து உள்ளயே தங்கிடும், மேனுவல்ல வேற மாதிரி சொல்லியிருந்தா அதத் தான் செய்யணும். இல்லனா ப்ளீட் சரியா பண்ணல. இல்லனா வேற டிகிரி தெர்மோஸ்டாட்ட கடைல கொடுத்திருக்காங்க, பழசுலயும் புதுசுலயும் பொறிச்சிருக்கிற நம்பர ஒப்பிட்டுப் பாருங்க.

தெர்மோஸ்டாட்டுக்கு ஒயர் வர்ற வண்டினா கதையே வேற. அதுக்குள்ள குட்டி ஹீட்டர் இருக்கும், ஈசியூ அத சூடாக்கி தேவைக்கு முன்கூட்டியே தொறக்க வைக்கும். இந்த மாதிரி வண்டில சாதாரணமா ஓட்டுறப்பவே 105 டிகிரி வரைக்கும் போறது கோளாறே இல்ல, மேனுவல்ல பாருங்க. பி0597, பி0598, பி0599 வந்தா அந்த ஹீட்டர் சர்க்யூட், முதல்ல கனெக்டர்ல கூலன்ட் புகுந்திருக்கான்னு பாருங்க. ஒயரிங் பரிச்சயம் இல்லாதவங்க இங்க எலக்ட்ரீஷியன கூப்பிட்டுடுங்க.

## கழட்டி சட்டில போட்டுப் பார்க்கிறது

தூக்கிப் போடப் போற சட்டியா எடுங்க, சமைக்கிற பாத்திரம் வேண்டாம். முதல்ல கைல வச்சு வெளிச்சத்துல பாருங்க, ஆறின தெர்மோஸ்டாட்ல அந்த ஆணி ஓட்டைய தவிர வேற எங்கயும் வெளிச்சம் தெரியக் கூடாது. அப்புறம் வால்வ விரலால கொஞ்சம் திறந்து ஒரு நூல அதுல கவ்வ விட்டு, அந்த நூல்லயே தண்ணிக்குள்ள தொங்க விடுங்க, அடில முட்டக் கூடாது. தெர்மாமீட்டரையும் அதே மாதிரி தொங்க விடுங்க. மெதுவா சூடு பண்ணி கிளறிட்டே இருங்க. வால்வ் தொறந்ததும் நூல விட்டுட்டு தெர்மோஸ்டாட் தொப்புனு கீழ விழும், அந்த நொடி தெர்மாமீட்டர் என்ன காட்டுதோ அது தான் தொறக்கிற சூடு. பொறிச்சிருக்கிற நம்பர்ல இருந்து ரெண்டு மூணு டிகிரி முன்ன பின்ன பரவால்ல.

முழுசா தொறக்க இன்னும் 10ல இருந்து 15 டிகிரி ஆகும். அதனால 92ன்னு போட்டிருக்கிறது கொதிக்கிற தண்ணில கூட முழுசா தொறக்காது, அத கெட்டுப் போனதா எண்ணி தூக்கிப் போடாதீங்க. மலை மேல இருக்கிறவங்களுக்கு தண்ணி 100க்கு முன்னாடியே கொதிச்சுடும், அதையும் கணக்குல எடுங்க. 82 போட்டிருக்கிறது நல்லா கொதிச்சும் 8 மில்லிமீட்டர் கூட தொறக்கலைனா அது போச்சு. ஆறவிட்டு முழுசா மூடுதான்னும் பாருங்க, இத நிறைய பேர் விட்டுடுறாங்க. ஒயர் வச்ச டைப்புக்கு இந்த டெஸ்ட் சரிப்படாது.

## மாட்டுறது, காத்து எடுக்கிறது

பழைய கேஸ்கெட்ட சுரண்டுறப்ப துணுக்கு உள்ள விழாம துணி அடைச்சுக்கோங்க. ஓ-ரிங்குக்கு கிரீஸ் தடவாதீங்க, பெட்ரோலியம் கிரீஸ்ல அந்த ரப்பர் ஊதிடும், கூலன்ட்ட தொட்டுத் தடவினா போதும். போல்ட்ட மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, பொதுவா இங்க வர்ற 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் வாக்குல தான் வரும், பிளாஸ்டிக் ஹவுஸிங்னா மேனுவல் நம்பர தாண்டவே தாண்டாதீங்க.

கூலன்ட்ட கலர் பார்த்து வாங்காதீங்க, கலருக்கும் வகைக்கும் எந்த ஒப்பந்தமும் இல்ல, மேனுவல்ல என்ன ஸ்பெக் போட்டிருக்கோ அது. கான்சன்ட்ரேட்னா டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி.

காத்து எடுக்க வண்டியோட முன்பக்கம் கொஞ்சம் மேட்ல நிக்கட்டும், ஹீட்டர ஃபுல் சூட்டுல வைங்க, ப்ளீட் ஸ்க்ரூ இருந்தா திறந்து, குமிழி இல்லாம கூலன்ட் வர்ற வரைக்கும் ஊத்திட்டு மூடுங்க. மூடி போட்டு ஐடிலிங்ல விட்டு ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கட்டும். முழுசா ஆறினதும் லெவல் பாருங்க, மறுநாள் காலைல திரும்பவும் பாருங்க, கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்புங்க. சில வண்டில காத்து போக வேக்யூம் மெஷின், இல்ல ஸ்கேனர்ல எலக்ட்ரிக் பம்ப ஓட விடுறது தேவைப்படும், அந்த வண்டினா சர்வீஸ்ல கொடுத்துடுங்க.

## மாடிஃபிகேஷன் பண்ணலாமா

தெர்மோஸ்டாட் முடிவு பண்றது வண்டி எவ்வளவு கீழ இறங்கலாம்ங்கறத மட்டும் தான். எவ்வளவு மேல ஏறும்ங்கறத ரேடியேட்டரும் ஃபேனும் பம்பும் முடிவு பண்ணுது. இத மனசுல வச்சுட்டு கீழ இருக்கிறத படிங்க.

மொத்தமா கழட்டி விடுறது: வேண்டாம். சூடேறாம ஓடுற தொல்லை மட்டும் இல்ல, நிறைய தெர்மோஸ்டாட்டுக்கு அடியில இன்னொரு தட்டு இருக்கும், தொறக்கிறப்ப அது பைபாஸ் வழிய மூடும். கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் தொறந்தே இருக்கும், சூடான கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாம குறுக்கு வழியா இன்ஜினுக்கே திரும்பும். சூட்டுக்கு பயந்து கழட்டின வண்டி மேட்ல இன்னும் சூடாகறது இதனால தான்.

கம்மி டிகிரி தெர்மோஸ்டாட்: 88க்கு பதிலா 77, 71ன்னு போடுறது. ஃபேன் இன்னும் பழைய படி 95, 100ல தான் ஓடும், அதனால டிராஃபிக்ல நின்னா அதே சூட்டுக்கு தான் வரும். பி0128 வரும், மைலேஜ் போகும், ஆயில்ல ஈரம் காயாது. டர்போ வண்டிய டியூன் பண்ணி, ஃபேன் செட்டிங்கையும் ஈசியூல மாத்தி, இன்ஜின் தட்டுறத தவிர்க்க ட்யூனரே கேட்டா மட்டும் கொஞ்சம் கம்மி டிகிரி போடலாம், அது வேற கணக்கு.

விளிம்புல 3 மில்லிமீட்டர் ஓட்டை: ஆணி இல்லாத தெர்மோஸ்டாட்ல, காத்து அடைச்சுக்கிற வண்டில இது உருப்படியான வேலை, ஒரே ஓட்டை, மேல் பக்கம் வர்ற மாதிரி. குளிர் ஊர்ல சூடேற கொஞ்சம் லேட் ஆகும். ரெண்டு மூணு ஓட்டை போட்டா மூடாத தெர்மோஸ்டாட் மாதிரி தான் ஆயிடும்.

ஃபெயில்சேஃப் தெர்மோஸ்டாட்: ஓவர்ஹீட் ஆனா தொறந்த நிலையிலயே பூட்டிக்கும். தப்பில்ல, ஆனா வேற காரணத்தால ஒரு தடவ சூடானாலும் பூட்டிக்கும், திரும்ப மாத்தணும்.

மெட்டல் ஹவுஸிங்: உங்க வண்டில பிளாஸ்டிக் ஹவுஸிங் அடிக்கடி வெடிக்குதுனா தாராளமா. சீல் உக்கார்ற முகம் சமமா இருக்கான்னு வாங்குறப்பவே கண்ணாடி மேல வச்சுப் பாருங்க.

ஹை பிரஷர் மூடி: வேண்டாம். எது பலவீனமோ அது வெடிக்கும், பழைய வண்டில அது பெரும்பாலும் ஹீட்டர் கோர், கூலன்ட் கால் மேல கொட்டும்.

ஃபேனுக்கு தனி சுவிட்ச்: ஃபேன் கரன்ட்ட டேஷ்போர்டு சுவிட்ச் வழியா இழுக்காதீங்க, ஒயர் உருகும். தனி ரிலே, தனி ஃபியூஸ், ஈசியூ தானா ஓட்டுறதும் கெடாம இருக்கணும். ஒயரிங் தெரியலைனா இத வெளிய கொடுங்க. கோளாறான சென்சார மறைக்க இந்த சுவிட்ச போடுறது மட்டும் வேண்டாம், மறந்துட்டு டிராஃபிக்ல நிப்பீங்க.

பெரிய ரேடியேட்டர்: பாரம் இழுக்கிறவங்க, டியூன் பண்ணினவங்களுக்கு காசுக்கு ஏத்த பலன் இதுல தான். ஸ்டாக் (எதுவும் மாத்தாத) வண்டில அடைச்சுப் போனத மாத்தினாலே போதும்.

தனி டெம்பரேச்சர் கேஜும் அலாரமும்: என்னைக் கேட்டா முதல்ல பண்ண வேண்டியது இது தான், வேற எதுவும் அப்புறம். சென்சார சிலிண்டர் ஹெட் பக்கம் வைக்க இடம் இருந்தா அங்க வைங்க. ஹோஸ வெட்டி அடாப்டர் போடுறதா இருந்தா, தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் பக்கம் இருக்கிற வண்டில தெர்மோஸ்டாட் தொறக்காத வரைக்கும் அது நிஜ சூட்ட காட்டாது, தெரிஞ்சு போடுங்க. ஒத்த ஒயர் சென்சார்னா அடாப்டருக்கு தனியா எர்த் ஒயர் இழுக்கணும், ரெண்டு பக்கமும் ரப்பர் இருக்கிறதால பாடிக்கு எர்த் கிடைக்காது, கேஜ் வேலையே செய்யலைனு திரும்பக் கொடுக்கிற பாதி பேருக்கு இது தான் பிரச்சினை. கூடவே டப்பால லெவல் குறைஞ்சா அடிக்கிற சென்சார் ஒண்ணும் போட்டுடுங்க, ஏன்னா கூலன்ட் காலியானா டெம்பரேச்சர் சென்சார் பொய் சொல்லும்னு மேல பார்த்தோம். அலாரம் நம்பர செட் பண்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் லைவ் டேட்டா பார்த்து, வெயில்ல ஏசி போட்டு டிராஃபிக்ல நிக்கிறப்ப உங்க வண்டி அதிகபட்சமா எவ்வளவு போகுதுன்னு குறிச்சுக்கோங்க, அதுக்கு மேல ஒரு 7, 8 டிகிரி கூட்டி வைங்க.